இசக்கிக்கு ஒரு தமாஷ்

ஐயா ராசா,

நீ அனுப்பிய சினிமாக் கதையை முழுவதும் படித்துவிட்டேன். கண்ணாடியை மாற்றிய பிறகும் எழுத்து சின்னதாகத்தான் தெரிந்தது, இருந்தாலும் விடவில்லை. ஐந்து பேர், ஐந்து பேருக்கும் ஒவ்வொரு சக்தி, ஊரையே விழுங்க வருகிற ஒரு பெரிய பகை, கடைசியில் ஐவரும் சேர்ந்து நின்று அடிக்கிறார்கள். கதை எனக்கு நன்றாகவே புரிந்தது. அடுத்த வாரம் ஹைதராபாத்துக்குப் போய் ஷூட்டிங் ஆரம்பித்துவிட்டால் உன்னைப் பிடிக்கவே முடியாது என்று உன் பெண்டாட்டி சொன்னாள். நீயும் போனில், "அம்மா, காமெடி எப்படி வந்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாய். நான் நல்லாயிருக்கு என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய். அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும் வரை ஊர் முழுவதையும் போனில் பேச வைத்தவள், சொந்த மகனிடம் பேச முடியாமல் காகிதத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன் பார்.

பேச முடியாததற்குக் காரணம் உனக்கும் தெரியும். போன ஐப்பசியில் அப்பா போனதிலிருந்து நீ தினமும் காலையில் கூப்பிடுகிறாய். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, ராத்திரி தூங்கினீங்களா. மூன்றுக்கும் ஆமாம் சொன்னதும் வைத்துவிடுகிறாய். குற்றம் சொல்லவில்லை, எத்தனை பிள்ளைகள் இதைக்கூடக் கேட்கிறார்கள்? ஆனால் நீ இப்படிப் பேசுகிற பிள்ளை இல்லையே. என் ரசத்தை "தென்காசி முனிசிபாலிட்டி தண்ணி" என்று சொன்னவன் நீ. நான் போனில் யாரிடம் பேசினாலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் குரலில் பேசுகிறேன் என்று பின்னால் நின்று நடித்துக் காட்டுவாய். அப்பாவும் நீயும் ஒரு கட்சி சேர்ந்துகொண்டு என்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? இப்போது 'நீ, வா, போ' எல்லாம் போய், கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வந்தவனைப் போலப் பேசுகிறாய். அப்பாவை இழந்தது என் கையில் இல்லை. உன்னையும் இந்த மரியாதையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக இழந்துவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. இதை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்கு வயதில்லை.

உன் கதையிலும் இதே கோளாறுதான் இருக்கிறது. அதிலிருந்தே பேசுகிறேன், எனக்கும் அது சுலபம். நெருப்பை உமிழ்கிறவன், காற்றாகப் போகிறவன், சுவருக்குள் நுழைகிற அந்தக் குட்டைப் பையன், பூச்சிகளோடு பேசுகிற டீச்சர், இந்த நான்கு பேரும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டே இருக்கிறார்கள். சரி. ஐந்தாவது ஆள், இரும்புக் கைக்காரி மேகலா. அவள் புருஷன் இரண்டாவது காட்சியிலேயே செத்துப்போகிறான். அதற்குப் பிறகு அந்த நாலு பேரில் ஒருவர்கூட அவளைக் கிண்டல் செய்யவில்லை. அவளும் வாயைத் திறந்து ஒரு வேடிக்கை பேசவில்லை. எல்லாரும் சிரிக்கிற இடத்திலெல்லாம் "மேகலா சிரிக்கவில்லை" என்று அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்திருக்கிறாய். கடைசியில் ஊரைக் காப்பாற்ற அவள் உயிரை விடுகிறாள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை ராசா. வாசல் வரை வந்து போன விருந்தாளியை யார் தேடுவார்கள்? அவளை நீ அந்தக் கூட்டத்தில் சேர்க்கவே இல்லை. மரியாதை கொடுத்து வெளியே நிறுத்திவிட்டாய். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், நாங்களே செய்தும் இருக்கிறோம்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகவில்லை, தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். லைன் கிடைத்துப் பேசினாலும், மூன்று நிமிஷம் ஆனதும் இன்னும் நீட்டவா, கட் பண்ணவா என்று நாங்கள் கேட்போம். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. மெட்ராஸிலிருந்து லைனில் வருகிறவர்கள் நம்பரைக்கூடச் சொல்லாமல், "அம்மா, அருவியில தண்ணி விழுதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். லைன்களை இணைக்கிற போர்டுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்போம். காதில் ஹெட்செட், கண் எதிரே விளக்கு, கையில் பிளக். பக்கத்தில் இருக்கிறவளின் முகத்தைத் திரும்பிப் பார்க்க முடியாது. வாய்ப்பக்கக் குழாயைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, நேரே பார்த்தபடியே ஒரு வார்த்தை விடுவோம். அதைப் பக்கத்தவள் பிடித்து இன்னொரு வார்த்தை சேர்த்து அடுத்தவளுக்குத் தள்ளுவாள். வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேரும்போது சிரிப்பை அடக்க முடியாமல் அங்கே ஒருத்தி "நம்பர் ப்ளீஸ்" என்று திணறுவாள்.

எங்களில் மூத்தவள் கோமதி அக்கா. எல்லாரையும் நக்கல் பண்ணுவாள், தன்னையும் விடமாட்டாள். மெர்சி முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் பேசுவாள், அது வேடிக்கை என்று நமக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆகும். எனக்கு வேடிக்கை பேச வராது, சிரிக்க வரும். அதை லேசாக நினைக்காதே. ஒரு கூட்டத்தில் நன்றாகச் சிரிக்கிறவள் ஒருத்தி இருந்தால்தான் பேசுகிறவளுக்குப் பேச்சு ஊறும். உன் கதையில் நாலு பேரும் ஒரே வாயால் பேசுகிறார்கள், அதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். பெயரை மூடிக்கொண்டு படித்தால் எது யார் பேசியது என்று தெரியவில்லை. கேட்டுச் சிரிக்க ஒருத்தரும் இல்லை, எல்லாரும் அடுத்து தான் என்ன சொல்லலாம் என்றே நிற்கிறார்கள்.

நான்காவது ஆள் இசக்கி. பக்கத்து ஊர் இலஞ்சிக்காரி. அவள் புருஷன் எங்கள் எக்ஸ்சேஞ்சிலேயே வேலை பார்த்தவர், மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவருக்குப் பதிலாகக் கருணை அடிப்படையில் இவளை எடுத்திருந்தார்கள். வேலையைச் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். நாங்களும் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினோம். கஷ்டமான ஷிப்ட் கொடுக்கமாட்டோம், டீ வந்தால் முதலில் அவளுக்குத்தான். வேடிக்கைப் பேச்சு வரிசையில் போய்க்கொண்டிருக்கும், இசக்கியிடம் வந்ததும் அவளைத் தாண்டி அடுத்தவளுக்குப் போய்விடும். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் என்ன கிண்டல் வேண்டிக்கிடக்கிறது என்று எங்கள் எண்ணம். நம் ஊரில் ஒருத்தரை நக்கல் பண்ணவில்லை என்றால் ஒன்று அவர் சம்பந்தி, இல்லையென்றால் பகையாளி. இது தெரிந்த நாங்களேதான் அவளை அப்படி வைத்திருந்தோம்.

அந்த வருஷம் சீசனில் எங்கள் மனமகிழ் மன்றத்தின் ஆண்டு விழாவைக் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் நடத்துவதாக இருந்தது, அதில் நாடகப் போட்டியும் உண்டு. மெர்சியின் தம்பிமார் வாடகைக்கு எடுத்து வந்து படிக்கிற படக்கதைப் புத்தகங்களை அவளும் படிப்பாள், முகமூடி போட்டவர்கள் பறந்து பறந்து அடிக்கிற கதைகள். அதைப் பார்த்துத்தான் கோமதி அக்காவுக்கு யோசனை வந்தது. எக்ஸ்சேஞ்ச் போர்டில் மின்னல் இறங்குகிறது, நாலு ஆபரேட்டர்களுக்கும் சக்தி வந்துவிடுகிறது. கோமதி அக்கா பறப்பாள், மெர்சி கண்ணுக்குத் தெரியாமல் போவாள், எனக்கு ஊரில் யார் எங்கே பேசினாலும் கேட்கும், இசக்கிக்கு மலையைத் தூக்குகிற பலம். முதுகில் தொங்கவிட ஜன்னல் திரைத் துணியில் மெர்சி அங்கி தைத்துக் கொடுத்தாள். எங்கள் மூன்று பேருக்கும் சிவப்பு, பச்சை, மஞ்சள். இசக்கிக்குச் சாம்பல் நிறம். யாரும் சொல்லித் தைக்கவில்லை, அதுதான் சரி என்று எல்லாருக்கும் தோன்றியது.

ஒத்திகையில் நாடகம் எழும்பவே இல்லை. முகத்துக்கு முகம் பார்த்து நிற்கச் சொன்னால் எங்களுக்குப் பேச்சே வரவில்லை. வரிசையாக உட்கார்ந்து நேரே பார்த்துப் பேசியே பழகியவர்கள் ஆயிற்றே! கடைசியில் கோமதி அக்கா, மேடையிலும் போர்டில் இருப்பதுபோலவே ஒரே வரிசையில் ஜனங்களைப் பார்த்து நிற்போம் என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் உயிர் வந்தது. இன்னொரு பழக்கத்தை எங்களால் விட முடியவில்லை. லைனில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசக்கூடாது என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. அடுத்தவள் தன் வசனத்தை முடிக்கும் வரை, இடி விழுந்தாலும் வாயைத் திறக்கமாட்டோம். ஒரு நாள் ஒத்திகை முடிந்து துணியை மடிக்கும்போது இசக்கி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, எல்லாருக்கும் ஒரு தமாசாவது இருக்கு. எனக்கு ஒண்ணுகூட இல்லியே?"

கோமதி அக்கா அவள் தோளைத் தடவி, "உனக்கு எதுக்குட்டி அது? நீ அந்தக் கடைசி வசனத்தப் பேசு, ஜனம் அப்படியே அழுதுரும்" என்றாள்.

"அழுகதுக்குத்தான் வீடு இருக்கேக்கா. இங்கன வந்தும் அழணுமா?"

அவள் போன பிறகு கூடிப் பேசினோம். மேடையேறவே அவள் மாமியார் எப்படிச் சம்மதித்தாளோ தெரியவில்லை, அதில் சிரிப்பு மூட்டுகிற வசனமும் பேசினால் இலஞ்சியில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், கொழுந்தன் வேலையே வேண்டாம் என்று வீட்டில் உட்கார வைத்துவிடுவான். இப்படி மெர்சி சொன்னாள், நாங்களும் ஆமாம் என்றோம். அந்த மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம் என்று எங்கள் ஒருத்திக்கும் தோன்றவில்லை. இசக்கியின் வசனம் எழுதியபடியே இருந்தது.

விழாவன்று நல்ல சாரல். எங்கள் வீட்டு ஆட்கள் போக, ஒதுங்க இடம் தேடி வந்த சீசன்காரர்களும் தலையில் எண்ணெயோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இசக்கியின் மாமியார் கொழுந்தனோடு முன்வரிசையில் இருந்தாள். கோமதி அக்கா பறப்பதற்கு மண்டபத்து உத்திரத்தில் ஒரு கிணற்றுக் கப்பியைக் கட்டி, அதில் கயிறு போட்டிருந்தார்கள். கயிற்றின் மறுமுனையைத் திரைக்குப் பின்னால் பிடித்திருந்தவர் லைனில் வேலை பார்த்த ஒரு ஒல்லிப் பையன். பிற்காலத்தில் உனக்கு அப்பா ஆனவர். அதுவரை நானும் அவரும் பேசியதில்லை.

நாடகம் பாதி வரை ஒழுங்காகப் போனது. யாரோ ஆபத்தில் இருந்து 'லைட்னிங் கால்' போடுகிறார், எல்லாக் காலையும் தள்ளிவிட்டு முதலில் கொடுக்கிற அவசரக் கால் அது. கோமதி அக்கா "இதோ வருகிறேன்!" என்று கையை நீட்ட, அப்பா கயிற்றை இழுத்தார். அவள் ஒரு ஆள் உயரம் எழும்பினாள், அதோடு நின்றுவிட்டாள். ஈரத்தில் ஊறின கயிறு கப்பிக்குள் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அந்தரத்தில் தொங்கியபடி மெல்லத் திரும்பி ஜனங்களுக்கு முதுகைக் காட்டினாள். பின்வரிசையில் விசில் பறந்தது. ஒருவன், "எறக்குங்கப்பா, பாவம்" என்று கத்தினான். அடுத்த வசனம் கோமதி அக்காவுடையது. அவள் பேசி முடிக்கட்டும் என்று நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். மெர்சி கண்ணுக்குத் தெரியாதவள் என்பதால் கறுப்புத் துணிக்குள் அசையாமல் நின்றாள். நான் எல்லாம் கேட்கிறவள் என்பதால் காதில் கையை வைத்தபடி நின்றேன். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

அப்போது இசக்கி வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். காதில் ஹெட்செட் இருப்பதுபோல் விரலை வைத்துக்கொண்டு, எங்கள் எல்லாருக்கும் பழகிய அந்த வேலைக் குரலில், ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்:

"மேடம், மூணு நிமிசம் ஆயிட்டு. இன்னொரு மூணு நிமிசம் தொங்குதியளா, கட் பண்ணிரட்டா?"

அப்புறம் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, வெளியே சாரலுக்கு நின்றவர்களும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் அந்த மூன்று நிமிஷக் குரலிடம் அகப்படாதவர் யார்? சொல்ல வேண்டியதைப் பாதியில் விட்டுவிட்டு 'வைக்கேன், வைக்கேன்' என்று அலறியவர்கள்தானே எல்லாரும்! மேலே தொங்கியபடியே கோமதி அக்கா, "நீட்டாதேட்டி, கட் பண்ணு!" என்றாள். "கட் பண்ணுனா விழுந்துருவிய. ஹோல்ட் பண்ணுங்க, லைன் கிளியர் ஆகட்டும்" என்றாள் இசக்கி. கறுப்புத் துணிக்குள்ளிருந்து மெர்சி, "நான் ஏதாவது செய்வேன், ஆனா நான் இங்கன இல்லியே" என்றாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "எனக்கு எல்லாம் கேக்கு. பின்னால கயித்த இழுக்குதவரு மூச்சு வாங்குததுகூட கேக்கு" என்றேன். உன் அப்பா என்னைப் பெண் கேட்டு வந்தது அந்த ஒரு வரிக்காகத்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். கடைசியில் இசக்கி ஒரு பெஞ்சை இழுத்துப்போட்டு ஏறி, கோமதி அக்காவை இடுப்போடு அணைத்துப் பிடித்து, முடிச்சை அவிழ்த்து இறக்கினாள். பலம் அவளுக்கு என்று எழுதியது அங்கே உண்மையாகவே ஆகிவிட்டது.

பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை. எழுதிக் கொடுத்த வசனத்தை மீறிவிட்டார்களாம். அதைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. இசக்கியின் மாமியார் மேடைக்குப் பின்னால் வருகிறாள் என்று தெரிந்ததும்தான் நடுங்கிப்போனோம். கோமதி அக்கா முன்னால் போய், "ஆச்சி, அவ மேல தப்பு இல்ல, நான்தான் மாட்டிக்கிட்டேன், அதான் வாய்க்கு வந்தத..." என்று ஆரம்பித்தாள். ஆச்சி அவளை ஒதுக்கிவிட்டு நேரே இசக்கியிடம் போனாள்.

"ஏட்டி, இவ்வளவு நாளா இத எங்கட்டி வச்சிருந்த?"

ஆச்சி எங்கள் பக்கம் திரும்பினாள். "எம்மவன் இருந்தப்ப இவ பேசுத பேச்சுக்கு சோத்துல கைய வச்சுக்கிட்டே சிரிப்பான். புரையேறி நான் தலையில தட்டுவேன். அவன் போனதுலருந்து வீட்ல பாத்திரம் வைக்குத சத்தந்தான் கேக்கு. நான் சிரிச்சா இவ மனசு நோவுமேன்னு நான் இருந்தேன். இவ என்னைய நெனச்சு இருந்திருக்கா. ரெண்டு பேருமா சேந்து அவன ரெண்டாவது தடவ கொன்னுட்டோம்."

அவள் சொல்லி முடித்ததும் இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், நடுநடுவே சிரித்தார்கள். நாங்களும் அழுதோம். கொழுந்தன் குடையோடு வாசலில் நின்றான், வேலையை விடு என்று அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை போர்டில் உட்கார்ந்ததும் கோமதி அக்கா முதல் நக்கலை இசக்கிக்குத்தான் விட்டாள். அவள் கட்டியிருந்த சேலையைப் பற்றி. இசக்கி அதை வாங்கி இரண்டாகத் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்குத்தான் அவள் எங்களோடு வேலைக்குச் சேர்ந்தாள் என்று நான் சொல்வேன்.

அதனால் உன் மேகலாவுக்கு ஒரு தமாஷ் கொடு. மற்ற நாலு பேரும் மூச்சுமுட்டி நிற்கிற இடத்தில், எதுவும் சரியாக வராத இடத்தில் கொடு. துக்கத்தை மறந்துவிட்டு அவள் சிரிக்க வேண்டியதில்லை. துக்கம் அவளிடம் இருக்கிறது, பக்கத்திலேயே அவளுடைய வாயும் இருக்கிறது. அதற்கு முன்னாலேயே அந்த நாலு பேரில் ஒருவருக்காவது அவளைக் கிண்டல் செய்கிற தைரியம் வரட்டும். சிரிப்புக்காக எல்லாவற்றையும் சிரிப்பாக்கிவிடாதே, ஊர் எரியும்போது உன் நெருப்புக்காரன் அடிக்கிற ஜோக்கை எடுத்துவிடு, அவனுக்குப் பயமே இல்லை என்றால் எனக்கு ஏன் பயம் வரப்போகிறது? பயந்துபோனவர்கள் ஒருவரை ஒருவர் விட்டுவிடாமல் இருக்கத்தான் வேடிக்கை பேசுகிறார்கள். அது புரிந்தால் ஐந்து பேர் கதை எழுத உனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டாம்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அப்பா செத்துப்போன வீட்டில் அவரைப் பற்றி ஒரு வேடிக்கை பேச நீயும் துணியவில்லை, நானும் துணியவில்லை. அந்த ஆச்சி சொன்னதை நாற்பது வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான், என் வீட்டில் அதே காரியத்தைச் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ என் முகத்தைப் பார்க்கிறாய், நான் உன் முகத்தைப் பார்க்கிறேன், நடுவில் அந்த மனுஷன் அனாதையாக நிற்கிறார். யாராவது ஒருத்தர் முதலில் வாயைத் திறக்க வேண்டும். நீ திறக்கமாட்டாய், அப்பா பிள்ளை.

சரி, நானே ஆரம்பிக்கிறேன். நீ எடுக்கப்போகிற இந்தப் படத்தை உன் அப்பா தியேட்டரில் பார்த்திருந்தால், பெயர் போட்டு முடிப்பதற்குள் தூங்கியிருப்பார். உன் ஐந்து பேரும் சேர்ந்து குற்றாலத்துத் திரிகூட மலையைப் பெயர்த்து வீசினாலும் எழுந்திருக்கமாட்டார். அவருடைய குறட்டையில் உன் பகைவன் பேசுகிற வசனம் ஒன்றும் கேட்காது. விளக்கு எரிந்ததும் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பக்கத்து சீட்டுக்காரரிடம், "எம்மவன் எடுத்ததாக்கும். நடுவுல ஒரு சீன் வருது பாருங்க, அதுமாதிரி எவனும் எடுக்க முடியாது" என்று சொல்லியிருப்பார்.

இதைப் படித்து உனக்குச் சிரிப்பு வந்தால் அடக்காதே. அழுகையும் கூடவே வந்தால் வரட்டும். இரண்டும் அடங்குவதற்குள் எனக்குப் போன் போடு.

அம்மா